கல்யாணக் கார்டுக்குக் கீழே என் பெயர்

முனியாண்டி அண்ணன் கையில் மீன் இல்லாமல் என் வீட்டுப் படியேறி நான் பார்த்ததே இல்லை.

ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் வியாபாரம் செய்யும் என் பெரியப்பா மகன் அவர். ஈப்போவுக்கு எந்த வேலையாக வந்தாலும், புந்தோங்கில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு பையில் மீனோ இறாலோ வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வெறுங்கையோடு வந்தார். அதுவும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். எப்போதும் செருப்பைக் கழற்றியதும் நேராக அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்க்கிற மனிதர், அன்றைக்கு முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“என்னாண்ணே, யாரு வீட்டுல கெட்டது?” என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“நம்ம வீட்டுலதான்.”

“கோப்பி கலக்கட்டுமா?”

“கோப்பி எல்லாம் அப்புறம் லா. மொதல்ல இங்க உக்காரு. உனக்கும் சேகருக்கும் என்னா பிரச்சினை? ஐஸ் போடாத மீன் மாதிரி விசயத்த மூடி மூடி வைக்காத, கௌரி. ஊருக்கே வாடை வந்துருச்சு.”

சேகர் என் தம்பி. காம்பார் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் மெக்கானிக். அவனுக்கும் எனக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதைத்தான் சொன்னேன். அண்ணன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தன் போனைத் தடவித் தடவி ஒரு இடத்தில் நிறுத்தி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

எங்கள் குடும்ப வாட்சாப் குரூப். அதில் சேகர் மகள் தர்ஷினியின் கல்யாணக் கார்டு. தங்க நிறப் பிள்ளையார், சுற்றிலும் தாமரை. ‘அனைவரும் வருக’ என்று கீழே. அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி.

‘கௌரி லெஃப்ட்.’

“கார்டு ஏறுது. அடுத்த வரியில நீ எறங்குற,” என்றார் அண்ணன். “இதுக்கு என்னா அர்த்தம், நீயே சொல்லு.”

ஃபேன் மாதிரி மனுசன்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் தையல் மிஷின் வாங்கிய கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், மிஷின் எங்கேயும் ஓடிவிடாது. இந்தக் கதையை இறக்கி வைக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் டவுனில் ஒரு கடையில் லங்சீர் தைக்கிறவள். ஜன்னல் திரைக்கு இங்கே அதுதான் பெயர். திரைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் ஜன்னலோடு பேச்சை முடித்துக்கொள்ள மாட்டார்கள். மருமகள், முட்டிவலி, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் வரும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்குக் கிடைத்த படிப்பெல்லாம் இப்படி ஆட்கள் வாயிலிருந்து விழுந்ததுதான். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்குப் பசிக்காது.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் ஒரு போன் வாங்கிக் கொடுத்து, ஃபேஸ்புக்கில் ஒரு பக்கமும் திறந்து கொடுத்தான். “நீ பேசறத எல்லாம் இதுல எழுதுமா. எங்ககிட்ட சொல்றத ஊருக்கே சொல்லு.” எழுதினேன். கேட்ட பேச்சுகளை, சொன்னவர் பெயரோடு ஒவ்வொன்றாகப் போட்டேன். லைக் வந்தது. யார் யாரோ ‘அருமை அக்கா’ என்றார்கள். காலையில் பல் துலக்குவதற்கு முன் போனைப் பார்க்கிறவளாக ஆனேன்.

அப்போதுதான் கடையில் என்னோடு தைக்கும் லெட்சுமி அக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். “எங்க வீட்டு மனுசன் ஃபேன் மாதிரி, கௌரி. சத்தம் இருக்கு, காத்து இல்ல.” நானும் அவரும் கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தோம். அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் பெயர் போட்டு, அதை எழுதினேன். பிய்த்துக்கொண்டு போனது.

சில மாதம் கழித்து லெட்சுமி அக்காவிடமிருந்தே எனக்கு ஒரு படம் வந்தது. பின்னால் சூரியன் உதிக்கிறது, முன்னால் தாடி வைத்த ஒரு சாமியார். ‘சிலர் மின்விசிறி போன்றவர்கள். ஓசை உண்டு, காற்று இல்லை.’ படத்தோடு அக்கா பேசி அனுப்பியிருந்தார்.

“கௌரி, இத கேளேன். யாரோ பெரிய சாமியாராம். என்னமா சொல்லியிருக்காரு பாரு! எங்க வீட்டு மனுசன நேர்ல பார்த்த மாதிரியே இருக்கு!”

அக்கா, அது நீங்கள் சொன்னது என்று அழைத்துச் சொன்னேன். “சும்மா இரு லா, நான் எங்க அப்படி எல்லாம் பேசப்போறேன்” என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் உள்ளே ஏதோ ஒன்று உட்கார மறுத்தது. லெட்சுமி அக்கா கையை ஆட்டிக்கொண்டு, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு சொன்ன பேச்சு அது. ஊர் சுற்றித் திரும்பி வந்தபோது சொன்னவருக்கே அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

கையில் எறும்பு

அதற்குப் பிறகு ஃபேஸ்புக்கைத் திறந்தால் எரிச்சல், மூடினால் அரிப்பு. காலை வணக்கம் என்று ஒரு ரோஜா, அதற்கு நான் ஒரு ரோஜா, அதற்கு அவர் ஒரு கைகூப்பல். எதிரே ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் மடியில் தானாக ஆடியது.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, கடையின் பின்பக்கம் துணிக்கட்டு மேல் உட்கார்ந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. எதையும் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரியும். ஃபேஸ்புக்கைப் போனிலிருந்தே எடுத்துவிட்டேன். அப்படியே கோயில் குரூப், பள்ளித் தோழிகள் குரூப், சமையல் குரூப், எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்தேன். குடும்ப குரூப்பும் அந்த வரிசையில் ஒன்று. வாட்சாப்பையே தூக்கிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற கோடுபோட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இனி எழுதினால் எனக்கே எனக்கு என்று நினைப்பு.

சுகமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று தாளைத் திருப்பிப் பார்த்தவள் நான்! கை இடுப்பில் போனைத் தேடியது. கடையில் ஒரு திரைக்குத் தலைப்பைக் காலாகவும் காலைத் தலைப்பாகவும் மடித்துத் தைத்துவிட்டேன். முதலாளியம்மா, ஒரு சீன அம்மாள், அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கௌரி, சாக்கிட் கா?” என்று கேட்டார். உடம்பு சரியில்லையா என்கிறார். என் வீட்டுக்காரர் பேச்சுக்கு ‘ம்’ மட்டும் போடுகிற மனிதர். அவரே, “கொஞ்ச நேரம் ஒரு எடத்துல நில்லேன்” என்று முழுதாக ஒரு வாக்கியம் பேசினார்.

இதுதான் நடந்தது. அந்த மழை நேரத்துக்குச் சற்று முன்புதான் கார்டு குரூப்பில் ஏறியிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்?

குழாயடியும் குரூப்பும்

முனியாண்டி அண்ணனிடம் இவ்வளவும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் நம்புறேன். வேற யாரு நம்புவா? கார்ட கையில கொண்டாந்து தராம குரூப்ல போட்டுட்டான்னு உனக்குக் கோவம். அதான் போயிட்ட. எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க. ஒருத்தன் கூட வாழ்த்து போடல, பயத்துல.”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் பக்கம் நெருங்கின சொந்தத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, அதன் மேல் கார்டை வைத்து, வீட்டுக்கு வந்து கொடுக்க வேண்டும். அதிலும் பெண்ணுக்கு அத்தை நான். எங்கள் குடும்பத்தில் முதல் நலங்கு வைக்கிறவள் அத்தைதான். அவள் மஞ்சளைத் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள்.

“ஏண்ணே, நெசமாவே எனக்கு முந்தி குரூப்ல போட்டுட்டானா?” என்றேன். குரல் எனக்கே தெரியாமல் ஏறியது.

“பாத்தியா,” என்றார் அண்ணன். “இல்லாத கோவத்த பேசித் தீக்கலாம்னு வந்தேன். இப்ப உள்ள கோவமா ஆயிருச்சு.”

“அவன் என்னா சொல்றான்?”

அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகினார். “அக்காவா போனாங்க, அக்காவே வரட்டும்கிறான். வரலன்னா நலங்குக்கு வேற ஆள பார்ப்போம்கிறான்.”

நான் பிறந்து வளர்ந்த கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கோபம் என்றால் அது ஊருக்கே தெரியும். குழாயடியில் ஒருத்தி வாளியை எந்தப் பக்கம் வைக்கிறாள் என்பதிலேயே தெரிந்துவிடும். என் அம்மாவும் எதிர் லயத்து வீட்டு அஞ்சலையும் ஒரு மழைக்காலம் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள். ஆனால் முதுகைக் காட்ட முதலில் அங்கே வந்து நிற்க வேண்டும் இல்லையா? ஒருநாள் அஞ்சலை வழுக்கி விழுந்தாள், என் அம்மாதான் தூக்கினாள். முடிந்துபோனது. குரூப்பில் யார் வழுக்கி விழுவது, யார் தூக்குவது?

“ஒண்ணும் வேணாம்,” என்றார் அண்ணன். “திரும்ப குரூப்ல ஏறு. கைகூப்பற படம் ஒண்ணு போடு, கேக் படம் ஒண்ணு போடு. எல்லாம் சரியாயிரும்.” போகும்போது வாசலில் நின்று, “அடுத்த தடவ மீனோட வாரேன். இன்னைக்கு வந்த வேலைக்கு அது சரிப்படாதுன்னு விட்டேன்” என்றார்.

‘சொல்லுங்கக்கா’

அவர் சொன்னபடியே செய்யப் பார்த்தேன். வாட்சாப்பை மறுபடியும் இறக்கினேன். கைகூப்பும் படங்கள் வரிசை வரிசையாக வந்தன. மின்னுகிற கை, பூ தூவுகிற கை, ஒரு குரங்குக் குட்டி கூடக் கும்பிட்டது. எதை அழுத்தினாலும் தப்புச் செய்தவள் ஆகிவிடுவேன். அழுத்தாவிட்டால் திமிர் பிடித்தவள். போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன்.

வாயால் பேசினால் என்ன என்று சேகருக்குப் போன் அடித்தேன்.

“அலோ. சொல்லுங்கக்கா.”

சொல்லுங்க! பேச்சு வந்த நாளிலிருந்து என்னை ‘நீ, வா, போ’ என்றுதான் என் தம்பி கூப்பிட்டிருக்கிறான். கோபம் வந்தால் ‘ஏய் கௌரி’ என்பான்.

“தர்ஷினி நல்லா இருக்காளாடா?”

“நல்லா இருக்குங்கக்கா. நீங்க சாப்டீங்களா? அங்க மழையா?”

“சேகரு, அந்த குரூப்பு...”

“வேல நேரங்க. அப்புறம் பேசறேன்.”

அவன் அடித்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. காம்பார் ஒன்றும் தூரமில்லை. ஆனால் கூப்பிடாத கல்யாண வீட்டு வாசலில் அத்தை எந்த முகத்தோடு போய் நிற்பாள்? நலங்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தர்ஷினி பிறந்த அன்று அவளை முதலில் துணியில் வாங்கினது இந்தக் கைதான். நாளைக்கு வேறு யாரோ அவள் கன்னத்தில் மஞ்சள் வைப்பார்கள், அதையும் யாராவது வீடியோ எடுத்துப் போடுவார்கள், நான் அதையும் பார்க்க மாட்டேன் என்று நினைத்தபோது ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

அந்த வேகத்தில்தான் நோட்டை எடுத்தேன். ‘தம்பி சேகருக்கு’ என்று ஆரம்பித்தேன்.

மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன், அது வரவில்லை. துணிக்கட்டு மேல் உட்கார்ந்த வெள்ளிக்கிழமை வந்தது. லெட்சுமி அக்காவின் ஃபேன் வந்தது. எழுத எழுதப் பேச்சு தன்னாலே வேறு பக்கம் ஓடியது. சேகர் பள்ளிக்கூடம் போன முதல் நாளுக்குப் போய்விட்டது.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். ஆண்பிள்ளை மேலே வரட்டும் என்று அவனை மட்டும் அப்பா கோப்பெங் டவுனில் மலாய்ப் பள்ளியில் சேர்த்தார். அம்மாவும் அப்பாவும் விடிவதற்குள் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போய்விடுவார்கள். அதனால் முதல் நாள் அவனுக்குத் துணை நான்தான். தோட்டத்து லோரியில் போனோம். பின்பக்கம் காய்ந்த ரப்பர்பால் நாற்றம். பள்ளிக்கூட வாசல் வந்ததும் இறங்க மாட்டேன் என்று லோரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சேகர் ஒரே அழுகை. நான் இறக்கி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். சிக்கு, அதாவது வாத்தியார், பாவம் பார்த்து என்னையும் கடைசி பெஞ்சில் உட்கார விட்டார். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. நான் இருக்கிறேனா என்று சேகர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பள்ளி விடும் வரை உட்கார்ந்திருந்தேன்.

எழுதி முடித்தபோது கை வலித்தது, மனசு வலிக்கவில்லை. தாள்களைக் கிழித்து, உறையில் போட்டு, மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டேன். உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தோடுதான் ஞாபகமும் வந்தது.

சேகருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது!

மலாய்ப் பள்ளிக்குப் போனவன். பேசுவான், பாடுவான், சண்டை போடுவான், ஆனால் எழுத்து ஒன்றும் தெரியாது. குரூப்பில்கூட ‘சாப்டியாக்கா’ என்று ரோமன் எழுத்தில்தான் தட்டுவான். வாழ்நாள் முழுக்க வாயால் பேசியே பழகியதால் அது எனக்கு மறந்தேபோயிருந்தது. பெட்டி வாய்க்குள் கையை விட்டேன், மணிக்கட்டோடு நின்றது. கடந்து போன ஒரு மலாய்க்காரப் பையன் என்னைப் பார்த்த பார்வையில், கையை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அழுதது யார்?

அடுத்த சில நாள் எப்படிப் போனதென்று கேட்காதீர்கள். யாரை வைத்துப் படிப்பான்? படிப்பானா, குப்பையில் போடுவானா? மோட்டார் சத்தம் கேட்டாலெல்லாம் ஜன்னலுக்குப் போனேன். 

சனிக்கிழமை மதியம் ஒரு மோட்டார் நிஜமாகவே நின்றது. சேகர். ஃபேக்டரிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

“நீ எழுதினது தப்பு,” என்றான்.

‘நீ.’ எனக்கு அந்த ஒரு எழுத்து போதுமாக இருந்தது.

“எதுடா தப்பு?”

“தர்ஷினிய படிக்கச் சொன்னேன். அவ தமிழ்ப் பள்ளியில படிச்சவதானே, செய்தி வாசிக்கிற மாதிரி சத்தமா வாசிக்கிறா. அவ அம்மா கேக்குறா, மச்சினன் கேக்குறான். லோரில நான் அழுதேனாம்! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. இந்த கத மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா என்னா ஆவுறது?”

“நீ அழுததானே.”

“நான் எங்க அழுதேன்? நான் லோரில இருந்து குதிச்சு நேரா உள்ள போயிட்டேன். நீதான் பள்ளிக்கூட கேட்டு கம்பிய புடிச்சுக்கிட்டு அழுத. சிக்கு வந்து உன்ன உள்ள கூட்டியாந்து உக்கார வச்சாரு.”

“பொய் சொல்லாதடா. நான் இருக்கேனான்னு நீ திரும்பித் திரும்பிப் பாக்கல?”

“நீ அழுவறத நிறுத்திட்டியான்னு பார்த்தேன்!”

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விடவில்லை, அவனும் விடவில்லை. லோரி ஓட்டினது யார், அன்றைக்கு வெயிலா மழையா, எல்லாம் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினான். நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

தரையைப் பார்த்துக்கொண்டு, “கார்ட நெசமாவே நீ பாக்கலயா?” என்றான்.

“பாக்கலடா. அதத்தானே எழுதியிருந்தேன்.”

“அத தர்ஷினி படிச்சப்ப நம்பல. அப்புறம் இந்த லோரி கத வந்துச்சு. பொய் சொல்றவ இவ்வளவு தப்பா எழுத மாட்டா லா.” மூக்கை உறிஞ்சினான். “என் போன்ல பிள்ளைங்கதான் அந்த கார்ட போட்டுருச்சுங்க. நான் உன் வீட்டுக்குத் தட்டு வாங்கத்தான் பாசாருக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா நீ போயிட்ட. வாங்குன தட்டு அப்படியே சாமி மேடையில கெடக்கு. பழம் எல்லாம் கறுத்துப்போச்சு.”

கோப்பி கலக்க அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

எழுந்து ஹெல்மெட்டை எடுத்தான். “வெள்ளிக்கிழம நலங்கு. காலையிலயே வந்துரு. நீ வராம அங்க ஒருத்தரும் மஞ்சள தொட மாட்டாங்க. தட்டு நாளைக்குக் கொண்டாறேன், புதுப் பழத்தோட.” மோட்டாரை எடுத்துவிட்டு, மறுபடியும் திரும்பிப் பார்த்துக் கத்தினான். “அந்த லோரி கதய மாத்தி எழுது!”

முதல் நலங்கு நான்தான் வைத்தேன். தர்ஷினி கன்னத்தில் மஞ்சளைத் தடவும்போது என் கண் கலங்கியது உண்மைதான். சுற்றிலும் போன்கள் உயர்ந்திருந்தன. சேகர் மட்டும் அங்கே வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, “பாத்தீங்களா, பாத்தீங்களா, அன்னைக்கும் இப்படித்தான் அழுதுச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஃபேஸ்புக்கில் நான் எழுதியதற்கு எத்தனையோ பேர் ‘அருமை’ போட்டார்கள். தப்பு என்று சொல்ல வேலைச் சட்டையோடு மோட்டார் ஏறி வந்தவன் இவன் ஒருவன்தான். நோட்டு இப்போது தடித்துவிட்டது, அதிலிருந்துதான் வாரம் ஒரு கதை இந்தப் பத்திரிகைக்குப் போகிறது. கை இன்னமும் சில நேரம் இடுப்பில் தேடும், தேடட்டும். யோசித்துப் பார்த்தால், அந்தக் கேட்டுக் கம்பியின் சூடு என் உள்ளங்கையில் இருந்த மாதிரி ஒரு ஞாபகம் எனக்கும் இலேசாக வருகிறது.

ஆனாலும் மாற்றி எழுதப்போவதில்லை. இந்த வாரம் இதையும் தர்ஷினி அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். லோரியில் அழுதவன் சேகர்தான். இல்லையென்றால் நேரில் வந்து சொல்லட்டும்.